மால்டாவுல 6 நாள், 23 இடம்

அக்கா வணக்கம்,

உங்க பயணக் கட்டுரை எல்லாத்தையும் ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவ. நான் ஸ்டுட்கார்ட்ல வேலை பாக்குறேன், சொந்த ஊரு அம்பாசமுத்திரம். அப்பா அம்மா ஆகஸ்ட் கடைசில இங்க வராங்க, ரெண்டு மாசம் இருப்பாங்க. அப்பா ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியாரு, பாரிஸ் சுவிஸ் எல்லாம் வேணாம், எங்கயாச்சும் பழைய ஊரா கூட்டிட்டுப் போடான்னு இப்பவே சொல்லிட்டாரு. நீங்க மால்டா போயிட்டு வந்தத ஒரு தடவ போற போக்குல எழுதிருந்தீங்க, அதையே புடிச்சுக்கிட்டேன். செப்டம்பர் 19ல இருந்து 24 வரைக்கும் லீவு போட்டாச்சு. தீவு மொத்தமே 27 கிலோமீட்டர் நீளம்தான், அதனால எல்லாத்தையும் பாத்துரலாம்னு எக்ஸெல்ல 23 இடம் போட்டு, நாளுக்கு நாலுன்னு பிரிச்சு வச்சிருக்கேன், கூட அனுப்பிருக்கேன் பாருங்க. அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, படி ஏறுனா உக்காந்துருவாங்க. ரூம் புஜிப்பா பக்கம் சீப்பா இருக்கு, போட்டுறலாமா? கார் எடுக்கணுமா? ஏதாச்சும் விட்டுப் போயிருந்தா சொல்லுங்க.

உங்க வாசகன், ஸ்டுட்கார்ட்

தம்பி,

விட்டுப் போனது எதுவும் இல்ல, அதான் பிரச்சனையே. உங்க ஷீட்ட பாத்தேன், மூணாவது நாள் காலைல ஜிகண்டியா, மத்தியானம் மோஸ்டா, சாயங்காலம் இம்தினா, ராத்திரி பிர்குன்னு போட்டுருக்கீங்க. அதுல ஜிகண்டியாங்கிற பழைய கல்லுக் கோயில் கோஸோங்கிற இன்னொரு தீவுல இருக்கு தம்பி. கோஸோவுக்கு கப்பல் 25 நிமிஷம்தான், ஆனா அந்த கப்பல் கிளம்புற சிர்கேவ்வா மால்டாவோட வடக்கு ஓரத்துல இருக்கு, தலைநகர் வலெட்டால இருந்து பஸ்ல போறதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிரும். 27 கிலோமீட்டர்னு மேப்ல பாக்குறது வேற, வழில இருக்குற ஒவ்வொரு ஊருக்குள்ளயும் பஸ் புகுந்து வெளில வர்றது வேற. நானும் முதல் தடவ சீப்பா கெடைக்குதேன்னு புஜிப்பாலதான் தங்கினேன், போக வரன்னு தினமும் ரெண்டு மணி நேரம் பஸ்லயே போச்சு, அதுல பாதி நாள் நின்னுக்கிட்டே. முட்டி வலி இருக்குறவங்கள வச்சுக்கிட்டு அத செய்யாதீங்க. ரூம வலெட்டாலயே போடுங்க, கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும். தீவுல முக்கால்வாசி பஸ்ஸு அங்க ட்ரைட்டன் ஃபவுண்டன் பக்கத்துல இருந்துதான் கிளம்புது, அதனால உக்கார எடம் கெடைக்கும். கார் வேணாம். வெள்ளக்காரன் 1964 வரைக்கும் ஆண்ட ஊருங்கிறதால நம்ம ஊரு மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும், ஜெர்மனில வலது பக்கம் ஓட்டிப் பழகுன கை தடுமாறும், அதவிட பார்க்கிங் கெடைக்காது. அவசரத்துக்கு போல்ட் ஆப்ல டாக்ஸி புடிச்சுக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம். ஃப்ளைட் புக் பண்றதுக்கு முன்னாடி, ரூம் போடுறதுக்கு முன்னாடி, ஹைப்போஜியம்ங்கிற பாதாளக் கல்லறைக்கு டிக்கெட் இருக்கான்னு பாருங்க. உங்க ஷீட்ல அது 17ஆவதா, ஒரு மணி நேரம்னு போட்டு, கிடக்கு. நியாயமா அது முதல்ல வரணும், ஏன்னா மத்த 22 இடத்தையும் அங்க இங்க நகத்திக்கலாம், இத நகத்த முடியாது. ஒரு தடவைக்கு 10 பேரு, நாளுக்கு 8 தடவ, மொத்தமே 80 பேரத்தான் உள்ள விடுறாங்க, மனுஷங்க மூச்சுக்காத்து பட்டே உள்ள இருக்குற சிவப்பு ஓவியம் கெட்டுப் போகுதுன்னு. மாசக்கணக்குல முன்னாடியே வித்துப் போயிரும். நான் என்ன பண்ணேன்னா, போய் வாசல்ல வாங்கிக்கலாம்னு பாவ்லாங்கிற ஊருல தேடிக்கிட்டு போனேன், பாத்தா நம்ம ஊரு தெரு மாதிரி வரிசையா வீடு, அதுக்கு நடுவுல ஒரு கதவு. உள்ள இருந்த பொண்ணு ரொம்ப மரியாதையா சிரிச்சு, அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லுச்சு. அப்பறம் கடைசி நேர டிக்கெட்டுன்னு எல்மோ கோட்டைல கொஞ்சம் விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு, விடிகாலைல போயி வரிசைல நின்னு, கூட காசு குடுத்து வாங்கினேன். உங்க அம்மாவ அப்படி நிக்க வைக்க முடியாதுல்ல.

அப்படி என்ன இருக்குன்னு கேப்பீங்க. 1902ல வீடு கட்டுறதுக்காக தண்ணித் தொட்டி தோண்டுன ஆளுங்க தற்செயலா உடைச்சு உள்ள விழுந்த எடம் அது. பாறைய அப்படியே கீழ்நோக்கி மூணு அடுக்கா குடைஞ்சிருக்கான், 5000 வருஷத்துக்கு முன்னாடி, இரும்பும் இல்ல செம்பும் இல்ல, கல்லு, கொம்பு, எலும்பு மாதிரி ஆயுதம்தான். சுமார் 7000 பேரோட எலும்பு கிடைச்சிருக்கு. ஆனா என்னைய நிக்க வச்சது எலும்பு இல்ல. நடு அடுக்குல ஒரு ரூம் இருக்கு, வாசக்கால், உத்தரம், மேல அடுக்கடுக்கா உள்வாங்குற கூரைன்னு வெளில கல்ல அடுக்கிக் கட்டுன கோயில் எப்படி இருக்குமோ அதே மாதிரி, ஆனா எதுவுமே அடுக்குனது கிடையாது, எல்லாமே ஒரே பாறைல செதுக்குனது. கட்டடத்த சிற்பமா செஞ்சு வச்சிருக்கான். நம்ம மாமல்லபுரம் ரதம் ஞாபகம் வந்துச்சு, அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே கிடையாது, ஆனா ஒரே புத்தி. உள்ள போட்டோ எடுக்க விடமாட்டாங்க, நல்லதுதான். கீழ் அடுக்குக்குப் போக வேண்டாம், நடைபாதை போட்டுருக்காங்க, ஆனா படி உண்டு, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிருங்க. அங்க கெடைச்ச தூங்குற பொம்பள சிலை வலெட்டா தொல்லியல் மியூசியத்துல இருக்கு, 12 சென்டிமீட்டர்தான், உள்ளங்கைல அடங்கிரும், நிறைய பேரு பெரிய சிலைன்னு நினைச்சுக்கிட்டு அதத் தாண்டிப் போயிட்டு அப்பறம் திரும்பி வராங்க.

ரெண்டாவது நகத்த முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு, அது உங்களுக்கே தெரியாம உங்க தேதில வந்து மாட்டிருக்கு. செப்டம்பர் 22, 23 வாக்குல பகலும் ராத்திரியும் சமமா இருக்கும். இம்நைத்ரான்னு கடலோரமா ஒரு கோயில், அதோட கீழ்க்கோயில்ல அன்னிக்கு சூரியன் உதிக்கிறப்ப வெளிச்சம் நேரா வாசல் வழியா நடு அச்சுல உள்ள போய் விழும். ஜூன்லயும் டிசம்பர்லயும் பாத்தா நடுவுல விழாது, வாசலுக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற கல்லோட ஓரத்துல விழும். காலண்டர் மாதிரி கட்டிருக்கான். அன்னிக்கு விடியல்ல கொஞ்ச பேர மட்டும் தனி டிக்கெட் வச்சு விடுறாங்க, ஹெரிட்டேஜ் மால்டா சைட்ல அடிக்கடி பாத்துக்கிட்டே இருங்க. கெடைச்சா டாக்ஸில போங்க, அந்நேரத்துக்கு பஸ்ஸ நம்பாதீங்க. கெடைக்கலன்னாலும் பகல்ல போங்க, பக்கத்துலயே 500 மீட்டர்ல ஹஜார் இம் இருக்கு, ரெண்டுக்கும் மேல 2009ல பெரிய கூடாரம் போட்டுருக்காங்க, போட்டோல அசிங்கமாத்தான் தெரியும், வெயில்ல நின்னா கும்பிடத் தோணும். ரெண்டுக்கும் நடுவுல சரிவு, இறங்குறது ஈஸி, ஏறுறதுக்கு அம்மா திட்டுவாங்க. எதிர்ல கடல்ல ஃபில்ஃப்லான்னு ஒரு குட்டித் தீவு தெரியும், பிரிட்டிஷ் கப்பல் எல்லாம் 1971 வரைக்கும் அத சுட்டு சுட்டு குறி பழகிருக்கு.

அப்பா ஹிஸ்டரி வாத்தியாருங்கிறீங்க, அப்ப அவருக்கு துருக்கிக்காரன் மால்டாவ வளைச்சுக்கிட்ட 1565 முற்றுகை கதை தெரிஞ்சிருக்கும். அதப் பாக்குறதுக்கு நீங்க அஞ்சு கோட்டை போட்டுருக்கீங்க. அஞ்சும் வேணாம். மேல் பராக்கா தோட்டத்துல ஒரு பெஞ்சுல அப்பாவையும் அம்மாவையும் உக்கார வைங்க, கீழ பெரிய துறைமுகம், எதிர்ல பிர்குவோட மூக்குல சான் ஆஞ்ஜெலோ கோட்டை, பக்கத்துல செங்லியா. இப்ப அப்பாகிட்ட கேளுங்க, முற்றுகை நடந்தப்ப இந்த வலெட்டா எங்க இருந்துச்சுன்னு. இல்லவே இல்ல! மொட்டை மலை. அப்ப மால்டாவ ஆண்ட செயின்ட் ஜான் சபை வீரர்கள் எல்லாம் எதிர்க்கரைல பிர்குல இருந்தாங்க, இந்த மலை நுனில எல்மோ கோட்டை மட்டும் தனியா நின்னுச்சு. துருக்கிக்காரன் இந்த மலைலதான் பீரங்கிய ஏத்துனான். அதாவது நீங்க உக்காந்திருக்குறது ஜெயிச்சவன் பக்கம் இல்ல, பீரங்கி பக்கம். எல்மோவ ஒரு வாரத்துல முடிச்சுறலாம்னு நினைச்சான், ஏறக்குறைய ஒரு மாசம் தாக்குப் புடிச்சுச்சு, ஜூன் 23தான் விழுந்துச்சு, அதுக்குள்ள துருக்கி தளபதி டிராகுட்டும் அடிபட்டு செத்துட்டான். செப்டம்பர்ல சிசிலில இருந்து படை வந்தப்பறம் முற்றுகை கலைஞ்சுது. அடுத்த வருஷமே, 1566 மார்ச் 28, வீரர்களோட தலைவர் லா வலெட் இதே மலைல நகரத்துக்கு அடிக்கல் போட்டாரு, இனிமே எவனும் இங்க பீரங்கி ஏத்தக்கூடாதுன்னு. நகரம் முடியுறதப் பாக்காமலே 1568ல போய்ச் சேந்துட்டாரு. இதெல்லாம் ஒரே பெஞ்சுல இருந்து பாத்துறலாம். பன்னண்டு மணிக்கு கீழ பீரங்கி போடுவாங்க, அம்மாவுக்கு முன்னாடியே சொல்லிருங்க, பக்கத்துல இருந்த ஒரு பாட்டி ஐஸ்கிரீம கீழ போட்டத நான் பாத்தேன்.

அங்கயே லிஃப்ட் இருக்கு, 58 மீட்டர் கீழ துறைமுகத்துக்கு எறக்கி விட்டுரும், முட்டிக்கு வேலையே இல்ல. கீழ டைசான்னு சின்ன படகு நிக்கும், ரெண்டு மூணு பேர ஏத்திக்கிட்டு பிர்குக்கு கொண்டு போவான். தண்ணில இருந்து அண்ணாந்து ரெண்டு பக்கமும் சுவரப் பாருங்க, மத்த மூணு கோட்டைய அடிச்சுருங்க ஷீட்ல.

சான் ஜோன் கதீட்ரல்ல ஞாயித்துக்கிழமை சுத்திப்பாக்க விடமாட்டாங்க, கிழமைய பாத்து வைங்க. தோளும் முட்டியும் மூடியிருக்கணும், அம்மா சேலைல வந்தா பிரச்சனையே இல்ல. வெளில பாத்தா குடோன் மாதிரி இருக்கும், உள்ள போனா தங்கம். தரை பூரா கலர் மார்பிள் கல்லறை, எலும்புக்கூடு அரிவாளோட நடனம் ஆடிக்கிட்டு இருக்கும். அதுல நேரத்த செலவழிக்காம நேரா ஓரட்டரிங்கிற ஜெப அறைக்கு போங்க, கரவாஜ்ஜோ 1608ல வரைஞ்ச யோவான் தலைய வெட்டுற ஓவியம், அஞ்சு மீட்டருக்கு மேல அகலம். ரோம்ல ஒருத்தன கொன்னுட்டு ஓடி வந்த ஆளு, இங்க வந்து அந்த சபைல வீரர் பட்டம் வாங்கிட்டான். ஓவியத்துல பாதிக்கு மேல வெறும் சுவரும் இருட்டும்தான், எல்லாரும் இடது பக்கம் ஒதுங்கி இருக்காங்க, வெட்டுறவன் வேலை இன்னும் முடியல, முதுகுக்குப் பின்னாடி கத்திய உருவ கை போயிருக்கு. தரைல ஒழுகுன ரத்தத்துலயே தன் பேர எழுதிருக்கான், அவன் கையெழுத்து போட்ட ஓவியம் இது ஒண்ணுதான். சில மாசத்துலயே சண்டை போட்டு ஜெயிலுக்குப் போயி, அங்க இருந்தும் தப்பிச்சு ஓடிட்டான், சபைல இருந்து அவன விலக்குற சடங்க அவன் இல்லாமயே இந்த ஓவியத்துக்கு முன்னாடியே இதே ரூம்ல வச்சு நடத்துனாங்க. ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க, பெஞ்சு கெடைச்சா.

இம்தினாவுக்கு சாயங்காலம் போங்க, டூர் பஸ்ஸெல்லாம் கிளம்புனப்பறம். பேருலயே மதீனா இருக்கு, பக்கத்து ஊரு ரபாத்துன்னு இருக்கும், அரபுக்காரன் வச்ச பேரு. இவங்க பேசுறதும் அரபுல இருந்து வந்த மொழிதான், எழுதுறது லத்தீன் எழுத்து. ஊரு பூரா கத்தோலிக்கர், ஆனா சாமிய அல்லான்னுதான் கூப்பிடுறாங்க, தவக்காலத்துக்கு பேரு ரந்தான். அப்பாவுக்கு இத சொல்லுங்க, ஒரு நாள் பூரா இதையே பேசிக்கிட்டு இருப்பாரு. இன்னொண்ணு, நெப்போலியனும் 1798ல இங்க இருந்தது உங்கள மாதிரியே 6 நாள்தான், அதுக்குள்ள சட்டம், பள்ளிக்கூடம், மடாலயம் எல்லாத்தையும் மாத்திட்டு எகிப்துக்கு கிளம்பிட்டான், ஊர்க்காரங்க மூணு மாசத்துக்குள்ள எந்திரிச்சு அவன் ஆளுங்கள வலெட்டாக்குள்ளயே அடைச்சுட்டாங்க. அவசரமா சுத்துறவனுக்கு நடக்குறது அதான்.

கோஸோவுக்கு ஒரு முழு நாள் குடுங்க. வலெட்டால இருந்தே நேரா ஃபாஸ்ட் ஃபெர்ரி இருக்கு, முக்கா மணி நேரம், சிர்கேவ்வா பக்கமே போக வேணாம். ஜிகண்டியா பிரமிடுக்கே ஆயிரம் வருஷம் முந்தினது, அது ஒண்ணு, அப்பறம் கோட்டை ஊரு சித்தாடெல்லா, அவ்வளவுதான். 1551ல அதே டிராகுட் வந்து கிட்டத்தட்ட 5000 பேர அடிமையா புடிச்சுட்டுப் போனது இந்தக் கோட்டைல இருந்துதான். அஷூர் விண்டோன்னு ஒண்ணு உங்க ஷீட்ல இருக்கு, அந்தப் பாறை வளைவு 2017 மார்ச்லயே கடல்ல விழுந்துருச்சு தம்பி, பழைய லிஸ்ட்ல இருந்து காப்பி அடிச்சிருக்கீங்க. ப்ளூ லகூன், பாப்பாய் வில்லேஜ் ரெண்டையும் அடிங்க. மோஸ்டா நேரம் இருந்தா. 1942ல பூசைக்கு ஜனங்க கூடியிருந்தப்ப குண்டு கூரைய ஓட்டை போட்டு உள்ள விழுந்து வெடிக்காமப் போன சர்ச்சு, போற வழில எறங்கி அரைமணில பாத்துறலாம்.

சாப்பாட்டுக்கு கவலப்படாதீங்க. பஸ்டிட்சின்னு நம்ம பேக்கரி பஃப்ஸுக்கு அண்ணன் முறை, பட்டாணி வச்சது ஒண்ணு, ரிக்கோட்டா வச்சது ஒண்ணு. அம்மா சைவம்னா மாவுல என்ன கொழுப்பு போட்டுருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க, சில எடத்துல பன்னிக் கொழுப்பு சேப்பாங்க. பேரீச்சம்பழம் வச்சு எண்ணெய்ல பொரிச்ச இம்காரெத் சூடா வாங்குங்க. பால் ஊத்துன டீ எங்கயும் கெடைக்கும், வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன நல்ல காரியம்.

அப்பா அம்மா ஜெர்மனிக்கு எடுக்குற ஷெங்கன் விசாவே மால்டாவுக்கும் செல்லும், தனியா எதுவும் வேணாம், பாஸ்போர்ட் மட்டும் கைல இருக்கட்டும். ஜெர்மனி சார்ஜர் அங்க சொருகாது, மூணு பட்டை பின்னு, அடாப்டர் வாங்கிக்கோங்க. 21ஆம் தேதி அவங்க சுதந்திர தினம், அரசு லீவு, அன்னிக்கு எது தொறந்திருக்கும்னு பாத்துட்டு வைங்க.

இன்னிக்கு ராத்திரியே ஹைப்போஜியம் டிக்கெட்ட பாருங்க. கெடைச்சா எந்த நாள், எத்தன மணின்னு ஒரு வரி எழுதுங்க, மத்தத அதச் சுத்தி நானே அடுக்கித் தரேன்.

அக்கா