நட்ட கணக்கு வேண்டாம், நிற்கும் மரத்தை அளந்து பாருங்கள்

வணக்கம். பெங்களூருவை அடுத்த சர்ஜாப்பூர் பக்கம் உங்கள் குடியிருப்புச் சங்கம் 3 வருடம் முன்பு நட்ட 1,000 கன்றுகளால் சுற்றுச்சூழலுக்கு என்ன பலன், எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

நட்ட எண்ணிக்கையை ஓரமாக வையுங்கள். இன்று உயிரோடு நிற்பவற்றை எண்ணி, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பால் சுற்றளவு எடுங்கள். அந்தந்த மரவகைக்குரிய சூத்திரத்தில் போட்டால் உலர் எடை வரும். அதில் ஏறத்தாழப் பாதி கார்பன். அதை 3.67ஆல் பெருக்கினால் உறிஞ்சிய கார்பன் டை ஆக்சைடு. இளமரங்களுக்குத் தொகை சிறியதாகத்தான் வரும், மிகைப்படுத்தி எழுதாதீர்கள். தண்ணீர் லாரிக்கு எரித்த டீசல் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடையும் கழித்துவிடுங்கள்.

இதைவிட முக்கியம், முன்பு அங்கே என்ன இருந்தது என்பது. புல்வெளியோ புதர்க்காடோ இருந்திருந்தால், அதை நம்பியிருந்த பறவைகளையும் பூச்சிகளையும் இழந்திருப்போம். கோலார் பக்கம் பசுமைக்கென்று வைத்த தைலமரத்தைப் பாருங்கள். நிலத்தடி நீர் பற்றிய கவலையில் 2017இல் கர்நாடக அரசே அதைப் புதிதாக நடத் தடை போட்டது. பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு இல்லை.

அப்புறம், பக்கத்திலேயே எதுவும் நடாமல் விட்ட நிலம் இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள். மரவகைப் பட்டியலை இங்கே போடுங்கள், சூத்திரம் தேடித் தருகிறேன்.