ஆளுமை ஆய்வில் பிஎச்.டி.: பணம் கட்டிப் பேப்பர் போட வேண்டுமா?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறேன். ஆளுமை பற்றிய ஆய்வில் ஆர்வம் உண்டு. வகுப்பில் பலரும் பயந்த புள்ளியியல் தாளும் எனக்குப் பிடித்திருந்தது. பிராஜெக்ட்டுக்காக 120 கல்லூரி மாணவர்களிடம் கூகுள் ஃபார்ம் மூலம் ஆளுமை வினாத்தாள் கொடுத்துத் தரவு சேர்த்தேன். 4,000 ரூபாய் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாக ஒரு ஜர்னல் மெயில் அனுப்பியிருக்கிறது. பிஎச்.டி. சேர உதவும் என்கிறார்கள் தோழிகள். கட்டலாமா? இந்தத் துறையில் மேலே போக என்ன வழி?

பதில்: கட்ட வேண்டாம். நல்ல ஜர்னல் என்றால் துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் கட்டுரையைப் படித்துக் குறை சொல்ல வேண்டும், நீங்கள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு வாரத்தில் போடுகிறோம் என்றால் யாரும் படிக்கப் போவதில்லை என்று பொருள். அங்கே ஒருமுறை வெளியான கட்டுரையை வேறு நல்ல ஜர்னலுக்கும் அனுப்ப முடியாது.

அவ்வளவு அவசரப்படவும் தேவையில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஜர்னலில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தன் 2022 விதிமுறையிலேயே நீக்கிவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் வைத்திருக்கலாம், சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தரமான ஜர்னல்கள் என்று யுஜிசி வைத்திருந்த 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆகவே 'கேர் பட்டியலில் இருக்கிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

சரி, அந்த 120 பேர் தரவை என்ன செய்வது? ஆளுமைப் பண்புக்கும் வேறொரு விஷயத்துக்கும் உள்ள ஒட்டுறவு, அதாவது கோரிலேஷன், பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும். அந்த எண் அலைபாயாமல் ஓரிடத்தில் நிற்கச் சாதாரணமாக 250 பேர் அளவுக்குத் தேவை என்று ஷோன்ப்ராட், பெருஜீனி இருவரும் 2013-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 120 பேரில் கிடைத்த முடிவை நம்பிக் கட்டுரை எழுதுவது கடினம். முறைகளைப் பழக அது நல்ல தரவுதான், அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருக்கும் இரண்டு ஆர்வங்களும் சேர்ந்து இருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆளுமை ஆய்வும் அளவீட்டு முறைகளும் சேர்ந்தே வளர்ந்தவை. பல கேள்விகளின் பதில்களுக்குப் பின்னால் இருக்கும் சில பொதுப் பண்புகளைக் கண்டெடுக்கும் காரணிப் பகுப்பாய்வை வளர்த்த தர்ஸ்டன், 1935-இல் மன அளவீட்டு ஆய்வாளர்களின் சைக்கோமெட்ரிக் சொசைட்டி உருவாக முன்னின்றவர். 16 காரணி ஆளுமைச் சோதனையைத் தந்த ரேமண்ட் கேட்டல்தான், பல மாறிகளைச் சேர்த்து ஆராயும் பன்மாறி ஆய்வாளர்களுக்கான சங்கத்தை 1960-இல் தொடங்கினார். இன்றும் இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. ஆளுமை பற்றி ஆர்வத்தோடு பேசுகிறவர்களில் பலர், ஒரு வினாத்தாள் இரண்டு குழுக்களில் ஒரே விஷயத்தைத்தான் அளக்கிறதா என்று சோதிக்கக் கற்றதில்லை.

அந்தக் கேள்வி நம் ஊருக்கு மிக நெருக்கமானது. ஐந்து பெரும் பண்புகள், அதாவது பிக் ஃபைவ் (புதியவற்றுக்குத் திறந்த மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் பதறும் இயல்பு), எல்லா மனிதர்களுக்கும் பொருந்தும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பொலிவியாவின் சிமானே பழங்குடி மக்களிடம் குர்வெனும் சகாக்களும் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த ஐந்து தெளிவாகக் கிடைக்கவில்லை. 2019-இல் லஜாஜ் குழு, குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 23 நாடுகளில் நேரில் போய்க் கேட்ட கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தது. சுமார் 94,000 பேர். வழக்கமான கேள்விகள் அங்கே ஐந்து பண்புகளையும் சரியாகப் பிரித்து அளக்கவில்லை. இணையத்தில் தாமாக வந்து பதில் சொன்னவர்களிடம் பொருத்தம் நன்றாகவே இருந்தது. கேள்வி எதுவானாலும் 'ஆமாம்' என்று தலையாட்டும் போக்கு இதற்கு ஒரு காரணம். முன்னால் ஒருவர் உட்கார்ந்து கேட்கும்போது அந்தப் போக்கு கூடிவிடுகிறது.

கல்லூரியில் கூகுள் ஃபார்ம் சுற்றுக்கு விட்டால் நமக்குக் கிடைப்பதும் அந்த இணையக் கூட்டத்தைப் போன்றதுதான். கிராமத்தில் வீடு வீடாகப் போய், தமிழில் கேள்வியை வாசித்து, தலையாட்டலைக் கணக்கில் கழிக்கவும் தெரிந்த ஆய்வாளர் இந்தத் துறைக்குத் தேவை. அது நீங்களாக இருக்கலாம் என்று நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழகுவதற்குப் பணம் தேவையில்லை. 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். அதில் வில்லியம் ரெவெல் உருவாக்கிய 'சைக்' தொகுப்போடு, 2,800 பேர் 25 ஆளுமைக் கேள்விகளுக்குச் சொன்ன பதில்களும் 'பிஎஃப்ஐ' என்ற பெயரில் கிடைக்கின்றன. முதலில் அதில் காரணிப் பகுப்பாய்வு செய்து பாருங்கள். அப்புறம் ஆரிலேயே இருக்கும் 'லாவான்' தொகுப்பைக் கற்று, ஆண்களிடமும் பெண்களிடமும் அளவீடு ஒன்றாக இருக்கிறதா என்று சோதியுங்கள். அடுத்ததாக, தரவைப் பொதுவில் வைத்திருக்கும் ஒரு புதிய கட்டுரையை எடுத்து அதன் அட்டவணைகளை நீங்களே மறுபடி கணக்கிடுங்கள். எண்கள் ஒத்துவரவில்லை என்றால் அதிலேயே ஒரு ஆய்வுக் கேள்வி இருக்கக்கூடும்.

புதிதாக வருவதைப் படிக்க நூலகச் சந்தா இல்லையே என்று தயங்க வேண்டாம். 1936-இலிருந்து வரும் 'சைக்கோமெட்ரிகா' ஜர்னல் 2025 முதல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக, எவரும் இலவசமாகப் படிக்கும்படி வருகிறது. 'பெர்சனாலிட்டி சயின்ஸ்' ஜர்னலும் அப்படித்தான். அச்சுக்கு முந்தைய பிரதிகள் 'சைஆர்கைவ்' தளத்தில் கிடைக்கும். படிக்கும்போது முடிவை மட்டும் பார்க்காமல், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, அவர் ஆய்வு மாணவரா, எந்தத் துறையில் இருக்கிறார் என்று குறித்துவையுங்கள். கைடு தேடும்போது அந்தக் குறிப்பு உதவும்.

இந்தியாவில் என்றால் யுஜிசி-யின் நெட் தகுதித் தேர்வை எழுதுங்கள். 2024 ஜூன் முதல் அந்த மதிப்பெண்ணைப் பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். வெளிநாட்டில் நெதர்லாந்தை முதலில் பார்க்கச் சொல்வேன். அங்கே பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு நான்கு ஆண்டு வேலை. ஆம்ஸ்டர்டாமிலும் டில்பர்க்கிலும் ஆய்வு முறைகளுக்கென்றே வலுவான குழுக்கள் உள்ளன. அமெரிக்காவில் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் தர்ஸ்டன் பெயரிலேயே ஆய்வகம் இருக்கிறது. அமெரிக்காவில் பல இடங்களில் விண்ணப்பம் டிசம்பரில் முடிந்துவிடும்.

ஆசிரியர் பணி மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். தேர்வு நடத்தும் அமைப்புகளுக்குச் சைக்கோமெட்ரிக்ஸ், அதாவது மன அளவீட்டு இயல், தெரிந்தவர்கள் வேண்டும். பள்ளி வாரியங்களின் மதிப்பீட்டை ஒப்பிடும் நோக்கத்தோடு என்சிஇஆர்டி-யில் 2023-இல் தொடங்கிய 'பரக்' அமைப்பின் வேலையே இந்த வகைதான். ஆனால் ஒன்று: இந்தப் பிஎச்.டி. உங்களைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக்காது. அதற்கு ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அங்கீகரித்த தனிப் படிப்பு வேண்டும். வீட்டில் இதை முதலிலேயே விளக்கிவிடுங்கள்.

எந்த வினாத்தாளைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதவில்லை. பிக் ஃபைவை அளக்கும் 'நியோ' வகைச் சோதனை என்றால் அது விலைக்கு விற்கப்படுவது, நகலெடுத்துக் கொடுத்திருந்தால் வெளியிட முடியாது. அடுத்த முறை 3,000-க்கும் மேற்பட்ட கேள்விகளை எவரும் அனுமதியின்றிப் பயன்படுத்த வைத்திருக்கும் 'ஐபிஐபி' தொகுப்பிலிருந்து எடுங்கள். பெயரில்லாமல் தரவைப் பொதுவில் வைக்கச் சம்மதமா என்ற வரியையும் ஒப்புதல் படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.