பதில்: ஒகேனக்கல் சாலையில் கட்டி வைத்த குப்பை மூட்டைகள்

வணக்கம் நண்பரே. பென்னாகரம் தாண்டிப் பத்துப் பேர் பொறுக்கிக் கட்டிய மூட்டைகளை யாரும் எடுக்காமல், மறுநாளே குரங்குகள் கிழித்துப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். படிக்கவே வேதனையாக இருந்தது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்த முறை, மூட்டை எங்கே போகும் என்பதை முடிவு செய்துவிட்டுக் கையுறை மாட்டுங்கள். நாலு நாள் முன்பே ஊராட்சிச் செயலரைப் பார்த்து, டிராக்டரோ குப்பை வண்டியோ எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு வாங்குங்கள். காட்டுப் பகுதி என்றால் வனச்சரக அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள். வண்டி வரும்வரை மூட்டைக்குக் காவலாக இரண்டு பேர் நிற்கட்டும். சோறு ஒட்டிய இலை, பொட்டலம் இருந்தால் குரங்கு விடாது.

உடைந்த பாட்டிலைத் தனிச் சாக்கில் போடுங்கள். தூக்குகிற தூய்மைக் காவலரின் கையைத்தான் அது முதலில் கிழிக்கும். ஞாயிறு சுற்றுலா வண்டிகள் அதிகம். காலை ஆறுக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.