ரிக் வண்டிக்காரர் மகள் ஜியாலஜி படிக்கலாமா?

அண்ணா, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் மேல்படிப்பு பற்றிப் பேசத் திருச்செங்கோட்டிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். "கல்லு பொறுக்கறதுக்கா பன்னெண்டு வருசம் படிக்க வெச்சேன்?" என்று கேட்டீர்கள். அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. பாப்பா பதில் பேசாமல் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து மேசைமேல் வைத்தாள். அன்று வெளியே வேறு பெற்றோர் காத்திருந்ததால் முழுதாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். "இதைப் படிச்சா வாத்தியார் வேலைதானே?" என்றீர்கள். நீங்கள் நினைத்தது ஜியாகிரபி, பாப்பா கேட்பது பாறையையும் கனிமத்தையும் பற்றிப் படிக்கும் ஜியாலஜி. தமிழில் பல இடங்களில் இரண்டையுமே 'புவியியல்' என்று எழுதுவதால் வரும் குழப்பம் இது. கல்லூரி விண்ணப்பத்தில் தவறான கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலப் பெயரைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.

இப்போது அந்தக் கல்லுக்கு வருகிறேன். வெள்ளைக்கு நடுவே கறுப்பு வரி ஓடும் அந்தக் கல் உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக் கல். பெயர் அனார்த்தசைட். நிலவின் வெளிர்நிற மேட்டுப்பகுதிகளும் இதே வகைப் பாறைதான். சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைத்தான் டன் கணக்கில் எடுத்து அரைத்துக் கொண்டுபோனார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் (ஜியாலஜி) துறைக்கு அதில் பங்கு உண்டு.

அந்தக் கல்லின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். ஒரு பழைய கண்டத்தின் ஓரத்தில், கடல்தரை கண்டத்துக்கு அடியே செருகிப்போன இடத்தில் எழுந்த பாறைக் குழம்பு உறைந்து உருவானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிறகு அது பூமிக்குள் ஆழமாகப் புதைந்து, வெந்து, அழுந்தி உருமாறியது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, பாலக்காட்டிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே போகும் பட்டையில் இரண்டு நிலத்துண்டுகள் மோதின, நடுவில் இருந்த கடல் மூடிப்போனது என்கிறார்கள். திருச்செங்கோடு இருப்பதே அந்தப் பட்டைக்குள்தான். சங்ககிரி, திருச்செங்கோடு கிரானைட்டுகளையும் அந்த மோதல் காலத்தோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள். அன்று எழுந்த மலைத்தொடர் கரைந்து போய்விட்டது. இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த அதன் அடிப்பாகத்தின் மேல்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம். (இன்று நிற்கும் கொல்லிமலையின் உயரம் அந்த மோதலில் வந்ததல்ல. பாறை மிகப் பழையது, உயரம் பிற்காலத்தது.) இந்தப் பாறைகளின் தொடர்ச்சி இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவிலும் இருக்கிறது. மோதிய கோடு எது, எத்தனை முறை மோதியது என்பதில் இன்னும் ஆய்வாளர்களுக்குள் வாதம் ஓய்ந்தபாடில்லை. பதினேழு வயதுப் பெண்ணுக்கு இது பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உங்களுக்கும் இது புதிது இல்லை அண்ணா. முப்பது வருடமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிறீர்கள். பாறை தட்டியதும் கேசிங் பைப்பை நிறுத்துவீர்கள், மேலே வரும் பாறை மாவின் நிறம் மாறினால் கையில் எடுத்துப் பார்ப்பீர்கள். எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வெடிப்பு அங்கே ஏன் இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத்தான் பாப்பா படிக்கப்போகிறாள். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப்பாறை. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு இடம் காட்டுகிறவருக்குக் காசு கொடுத்து ஆயிரம் அடி போட்டுப் புகை மட்டும் பார்த்த விவசாயிகள் எத்தனை பேர் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இனி வேலை. ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: பி.எஸ்சி. ஜியாலஜியோடு நிறுத்தினால் நல்ல வேலை கிடைப்பது கடினம். எம்.எஸ்சி. வரை ஐந்து வருடம் என்று மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். அது முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு படிப்பு பார்க்கலாம்.

பி.எஸ்சி.க்குச் சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி போன்ற சில இடங்களில்தான் இந்தத் துறை இருக்கிறது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் நல்ல ரேங்க் வந்தால் கரக்பூர், ரூர்க்கி, தன்பாத் ஐஐடிகளில் பிளஸ் டூ முடித்ததுமே சேரலாம். இல்லாவிட்டாலும் குறையில்லை. பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் 'ஜாம்' தேர்வு எழுதினால் எம்.எஸ்சி.க்கு ஐஐடி போகலாம். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது வழிதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோதானது.

எம்.எஸ்சி. இறுதி ஆண்டிலேயே யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். 1851-இல் தொடங்கிய இந்திய புவியியல் ஆய்வு மையத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் இதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். குரூப் ஏ பதவி, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ஆனால் சில ஆண்டுகளில் நாடு முழுவதற்குமான இடங்களே நூறைத் தொடாது. தேர்வும் ஆங்கிலத்தில் மட்டுமே. பாப்பா தமிழ்வழியில் படித்தவள். அதனால் முதல் செமஸ்டரிலிருந்தே பாடத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத் தள்ளிப்போட்டதால் கெட்டிக்காரப் பிள்ளைகள் முதன்மைத் தேர்வில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

இதை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். மாநிலப் புவியியல் சுரங்கத் துறையின் உதவிப் புவியியலாளர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி அவ்வப்போது அறிவிப்பு விடும். எண்ணெய், நிலக்கரி, சுரங்க நிறுவனங்கள் உண்டு. அணை, சுரங்கப்பாதை கட்டுகிறவர்களுக்கும் பாறை தெரிந்த ஆள் வேண்டும். செயற்கைக்கோள் படத்தையும் வரைபடம் போடும் ஜிஐஎஸ் மென்பொருளையும் கையாளத் தெரிந்துவிட்டால் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும். கணக்கை மட்டும் விட்டுவிடக் கூடாது. பாறையின் வயதைச் சொல்வதே அதிலுள்ள சிர்க்கான் என்ற கனிம மணிக்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்ற கணக்குதான்.

கடைசியாக, அக்கா கேட்கச் சொன்னதாக நீங்கள் தயங்கிக் கேட்டது: பொம்பளைப் பிள்ளை காட்டுக்கும் மலைக்கும் போகலாமா? போக வேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன். கல்லூரியிலேயே களப்பயணம் உண்டு, வேலையில் மாதக்கணக்கில் முகாம் இருக்கும். குழுவாக, வண்டியோடு, திட்டம் போட்டுத்தான் போவார்கள். பெண்கள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். களமே வேண்டாம் என்றால் ஆய்வகப் பக்கம் போகலாம். ஆனால் பாப்பாவின் முகத்தைப் பார்த்தால் அவள் வெளியே போகிற ஆளாகத்தான் தெரிகிறாள்.

விண்ணப்பம் போடுமுன் ஒரு வேலை செய்வோம். எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் பேசிவிட்டேன். அந்த வெள்ளைக் கல்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துத் தருவார். நுண்ணோக்கியில் வைத்துத் திருப்பினால் வரிக்குதிரை போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் தெரியும். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். வண்டிக்கு வேறு டிரைவரைப் போட்டுவிட்டு நீங்களும் கூட வாங்க அண்ணா. பாப்பா பார்த்த பிறகு நீங்களும் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.