மழையில் எடுத்த மலை ஏன் சாம்பலாகிறது?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. ஜூன் மழையில் பூதப்பாண்டிப் பக்கம் போய் வயலையும் தாடகை மலையையும் எடுத்தேன். நேரில் அவ்வளவு அழகு. படத்திலோ வானம் வெள்ளை, மலை சாம்பல். எடிட்டிங்கில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் வயல் பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?" கூடவே மூன்று படங்களும் அனுப்பியிருந்தார்.

மூன்றிலும் பாதிக்கு மேல் வானம்தான் இருக்கிறது. வெயில் நாளில் நீல வானமும் மேகமும் படத்துக்குப் பலம். மூடிய வானத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெளிச்சம். அந்த வெள்ளையைப் பார்த்ததும் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படம் முழுவதையும் இருட்டாக்குகிறது. வயலும் மலையும் சாம்பலானது அதனால்தான். மலை உச்சிக்கு மேலே ஒரு கீற்று வானம் மட்டும் இருந்தால் போதும், சில இடங்களில் அதுவும் வேண்டாம். அப்புறம் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் வசதி) 0.7 அளவுக்குக் கூட்டி எடுங்கள். மூடுபனி நிறைந்த காட்சிக்கும் இதே கணக்குதான். வெள்ளை வெள்ளையாகவே தெரிய வேண்டும்.

மழை நாளில் தூரத்தைக் காட்டுவது மூடுபனி. கிட்டே இருக்கும் தென்னை கறுப்பாக, அதற்குப் பின்னால் உள்ள தோப்பு மங்கலாக, மலை அதைவிட வெளுப்பாகத் தெரியும். இந்த அடுக்குகளைத் தேடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறதே! எல்லோரும் மேலே ஏறி நடந்துகொண்டே எடுப்பார்கள். மழை நாளில் கீழே இறங்கிப் பாருங்கள். 115 அடி உயரத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும். வெயிலில் அந்தப் படம் கிடைக்காது.

மழையே படத்தில் தெரிய வேண்டுமானால் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். வெள்ளை வானத்துக்கு முன்னால் பெய்யும் மழை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ரப்பர் தோட்டத்தின் நிழலையோ ஓட்டு வீட்டின் திறந்த வாசலையோ பின்னணியாக வையுங்கள். ஷட்டர் வேகம் 1/125 நொடி என்றால் துளிகள் சின்னக் கோடுகளாக விழும், 1/30 என்றால் நீண்ட இழைகளாகும். 1/500-க்கு மேல் போனால் துளி துளியாக நின்றுவிடும். எனக்கு 1/125 பக்கம்தான் பிடிக்கும், அதில்தான் மழை மழையாகத் தெரிகிறது.

புதிதாக ஒன்று வாங்குவதானால் லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வாங்குங்கள். லென்ஸைவிட அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். நனைந்த வாழை இலை, பாறை எல்லாவற்றின் மேலும் வானத்தின் வெள்ளைப் பளபளப்பு படிந்திருக்கும், பச்சை வெளுத்துப்போவது அதனால்தான். ஃபில்டரை மெல்லத் திருப்பினால் பளபளப்பு மறைந்து உள்ளே இருக்கும் நிறம் வெளிவரும். இதை எடிட்டிங்கில் கொண்டுவரவே முடியாது. ஆனால் நாற்று நட்ட வயலின் தண்ணீரில் மலையின் பிம்பம் விழுந்திருந்தால் ஃபில்டரை மறுபடி திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிம்பமும் போய்விடும். ஃபில்டர் போட்டால் வெளிச்சம் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றத் தயங்க வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, கொட்டும் மழையைவிட அது விட்ட அடுத்த பத்து நிமிடம்தான் பொன்னானது. மலை இடுக்கிலிருந்து பஞ்சு பஞ்சாக மேகம் எழும்பும். தென்மேற்குப் பருவத்தில் குலசேகரம் பக்கம் விடாமல் பெய்துகொண்டிருந்தாலும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றும் ஓடும் மேகமுமாக மட்டும் இருக்கும் நாள்கள் உண்டு. காற்றாலைகள் மேல் வெயில் திட்டுத்திட்டாக நகரும். ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் கிழக்கே மழை பெய்து மேற்கே வெயில் அடித்தால், வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் சமதரையில் நிற்பவருக்கு வானவில் தெரியும். அந்த மாதங்களில் இடி மின்னலும் அதிகம். முழக்கம் கேட்டதும் திறந்த வயலிலோ மருந்துவாழ்மலை மேலோ நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். அணை திறந்திருக்கும் நாளில் திற்பரப்பு அருவியில் பாறை மேல் இறங்கவே கூடாது.

இனி எடிட்டிங். ரா ஃபைலாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு) எடுத்திருந்தால் மட்டுமே பெரிய திருத்தம் தாங்கும். நீங்கள் கான்ட்ராஸ்டைப் படம் முழுக்க ஏற்றியிருக்கிறீர்கள், அதனால் மலையின் மென்மையும் போய் வயலும் கத்துகிறது. லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் கறுப்பை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள். மங்கலை நீக்கும் டீஹேஸ் வேண்டுமென்றால் மாஸ்க் போட்டு முன்னால் உள்ள வரப்புக்கும் தென்னைக்கும் மட்டும் கொடுங்கள், மலையைத் தொடாதீர்கள். பச்சையின் அடர்த்தியைக் கூட்டாமல் 10, 15 குறைத்துப் பாருங்கள். ஈரப் பச்சை தானாகவே ஆழமானது. படத்தின் நிறச் சூட்டைத் தீர்மானிக்கும் வொயிட் பேலன்ஸை 6000 கெல்வினில் தொடங்கி, குளிர்ச்சி குறையாத இடத்தில் நிறுத்துங்கள். முழுக்க மஞ்சளாக்கினால் மழை நாள் என்ற உணர்வே போய்விடும். மொபைலில் ஸ்நாப்சீட் ஆப் என்றால் செலக்டிவ் கருவி இதே வேலையைச் செய்யும், விவரங்களை மிகைப்படுத்தும் எச்டிஆர் ஸ்கேப் பக்கம் போக வேண்டாம்.

கேமராவுக்கு ஒரு ஷவர் கேப்பும் ரப்பர் பேண்டும் போதும். லென்ஸ் ஹுட் (லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு) எப்போதும் மாட்டியிருக்கட்டும், லென்ஸின் வாயைக் கீழ்நோக்கியே பிடியுங்கள். கடற்கரையில் சாரலோடு உப்பும் வரும். முட்டத்தில் ஒருமுறை அவசரத்தில் வேட்டி நுனியால் துடைத்து ஃபில்டரில் கீறல் விழுந்துவிட்டது. முதலில் ஊதுபம்பால் ஊதி, ஈரத் துணியால் ஒற்றி, பிறகுதான் துடைக்க வேண்டும். ஏசி காரில் போனால் பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து திறவுங்கள், லென்ஸில் ஆவி படியாது. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் நனைந்த பைக்குள் அப்படியே விட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.