‘மனது வைக்கவும்’ என்று எழுதினால் பணம் வருமா?

கும்பகோணம் பக்கம் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெற்றவள் நான். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் தட்டச்சு ஹையர் தேர்வு முடித்திருந்ததால் ஊரில் பாதிப் பேருடைய கடிதமும் என் மேஜைக்குத்தான் வரும். கடைக்கடிதம், மனு, மின்னஞ்சல் என்று கேள்விகள் வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாச்சியார்கோவில், விளக்குப் பட்டறை நடத்துபவர்: அம்மா, சென்னைக் கடை ஒன்றுக்குக் குத்துவிளக்கு அனுப்பி நாலு மாதம் ஆகிறது. பணம் வரவில்லை. மூன்று கடிதம் போட்டேன், பதிலே இல்லை. ஒன்றை அனுப்பியிருக்கிறேன், என்ன குறை என்று பாருங்கள்.

படித்தேன் ஐயா. “தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். தங்கள் வியாபாரம் மேலும் பெருக இறைவனை வேண்டுகிறோம். பழைய பாக்கி விஷயமாகத் தாங்கள் கொஞ்சம் மனது வைத்தால் பேருதவியாக இருக்கும்.” இவ்வளவுதான் கடிதம். எவ்வளவு பாக்கி, எந்த பில், என்றைக்குள் வேண்டும், எதுவுமே இதில் இல்லை. அந்தக் கடைக் கணக்கருக்கு உங்களைப் போல ஐம்பது பேர் எழுதுவார்கள். எந்தப் பாக்கி என்று அவர் தேடிப் பார்க்கப்போவதில்லை. கடிதத்தைக் கோப்பில் செருகிவிட்டு டீ குடிக்கப் போவார். பந்தியில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கவும் கூச்சப்படுகிற ஊர் நம்முடையது. கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்பதில் என்ன கூச்சம்?

இப்படி எழுதுங்கள் (எண்களையும் தேதிகளையும் உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்):

“பொருள்: பில் எண் 47, நிலுவை ரூ.1,86,000, 20.6.2025-க்குள் அனுப்பக் கோருதல்.

ஐயா, 10.2.2025 அன்று 24 குத்துவிளக்குகள் அனுப்பினோம். 12.2.2025 அன்று உங்கள் கடையில் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்ட சலான் நகல் இணைப்பில் உள்ளது. இதுவரை தொகை வரவில்லை. 20.6.2025 வெள்ளிக்கிழமைக்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும். இயலாவிட்டால் எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டு “இன்ன தேதியில் தருகிறோம்” என்று எழுதிவிட்டால், கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கடன் வழக்குக்கு மூன்று வருஷக் கெடு. அது முடிவதற்குள் அப்படி ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் எண்ணலாம். 1963 காலவரையறைச் சட்டம் தருகிற வசதி இது.

உங்கள் பட்டறை ‘உத்யம்’ (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்ததா? ஆம் என்றால் அந்த எண்ணைக் கடிதத்தின் தலைப்பிலேயே போடுங்கள். குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2006-ஆம் ஆண்டுச் சட்டம். முதல் கடிதத்திலேயே இதை நீட்ட வேண்டாம், உறவு முறியும். பதில் வராவிட்டால் இரண்டாவதில் ஒரே ஒரு வரி போதும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், எங்கே முறையிடுவது என்று கேளுங்கள்.

நலம் விசாரிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போனில் விசாரியுங்கள்.

மயிலாடுதுறை, பாசனதாரர் சங்கச் செயலாளர்: எங்கள் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி வருஷாவருஷம் மனு கொடுக்கிறோம். நடப்பதில்லை. மனு எழுதும் முறை தவறா?

எந்த மாதத்தில் கொடுக்கிறீர்கள்? நீங்கள் அனுப்பிய நகலில் ஜூன் கடைசித் தேதி இருக்கிறது. மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12. தண்ணீர் வந்தபிறகு எப்படி ஐயா தூர்வாருவார்கள்? பிப்ரவரி, மார்ச்சில் கொடுத்தால்தான் மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்கி, ஏப்ரல், மே மாதத்தில் இயந்திரம் இறங்கும்.

அடுத்தது, ஒரே மனுவில் வாய்க்கால், சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு மூன்றும் இருக்கின்றன. வாய்க்கால் நீர்வளத் துறைக்குப் போகும், தெருவிளக்கு ஊராட்சிக்குப் போகும். மூன்று இருக்கைக்கும் சுற்றுகிற காகிதம் எந்த இருக்கையிலும் நிற்காது. ஒரு மனுவுக்கு ஒரு விஷயம். வாய்க்காலின் பெயர், எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை, எத்தனை மீட்டர், எவ்வளவு ஏக்கர் பாய்கிறது, ஆகாயத்தாமரையா மண் மேடா, இவை போதும். “விவசாயிகளின் வாழ்வாதாரம் கேள்விக்குறியாகியுள்ளது” என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதை அவர்கள் தினமும் நாற்பது முறை படிக்கிறார்கள்.

‘பார்வை’யில் (முந்தைய கடிதங்களைக் குறிக்கும் மேல் வரி) போன வருஷ மனுவின் தேதியையும், திங்கட்கிழமை குறைதீர் நாளில் தந்த மனு எண்ணையும் குறிப்பிடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். தபால் என்றால், பழைய பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது; கவுண்டரில் ‘டெலிவரி அத்தாட்சியும் வேண்டும்’ என்று கேட்டு அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரே கேள்வி: “என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல் வேண்டும்.” 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்.

பட்டுக்கோட்டை, தேங்காய் வியாபாரி: எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ்தான் அக்கா. இதற்கெல்லாம் கடிதம் வேண்டுமா?

கடிதம் வேண்டாம் தம்பி. பேசி முடித்ததும் எழுத்தில் ஒரே ஒரு மெசேஜ்: “இப்போது பேசியபடி 8,000 காய், உரித்தது, காய் இன்ன விலை, லோடு 14.11.2025 வெள்ளி காலை, வண்டி வாடகை உங்களுடையது. சரியா?” அவர் “சரி” என்று போட்டுவிட்டால் போதும். வாய்ஸில் விலை தேட நாற்பது நிமிஷம் கேட்க வேண்டியிருக்கும்.

தேதியை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நானே வாங்கிக் கட்டிக்கொண்டவள். சம்பா அறுவடை சமயம், சாக்குப் பை விற்பவர்களுக்கு ஒரு கடிதம் அடித்தேன், “வரும் வெள்ளிக்கிழமை லாரி அனுப்பவும்” என்று. வியாழன் அடித்தது, அவர்கள் கைக்குப் போனது வெள்ளி சாயந்தரம். ‘வரும் வெள்ளி’ என்றால் அவர்களுக்கு அடுத்த வாரம்! சாக்கு இல்லாமல் நெல் எட்டு நாள் களத்தில் கிடந்தது. இரண்டாம் இரவு தை மழை. படுதாவைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன், புடவை முழங்கால் வரை நனைந்தது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை; கடித நகலை எடுத்து, ‘வரும்’ என்ற சொல்லின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

திருவாரூர், தனியார் அலுவலக ஊழியர் (புதிது): மேடம், மின்னஞ்சல் எல்லாம் இங்கிலீஷில்தான். “கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்” என்று முடிக்கிறேன். மேலாளர் சிரிக்கிறார்.

சிரிக்கட்டும், ஆனால் காரணம் இருக்கிறது. ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதன் இங்கிலீஷ் வேஷம்தான் அது. ‘ஆவன’ எது என்று யாருக்கும் தெரியாது. தலைப்பில் ‘அர்ஜென்ட்’ என்று போடுவதும் அப்படித்தான். “3 பில் நகல் 8-ஆம் தேதிக்குள் தேவை, ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11” என்ற பொருளில் தலைப்பு வைத்துப் பாருங்கள் (ஜிஎஸ்டிஆர்-1 என்பது ஜிஎஸ்டிக்கு விற்பனைக் கணக்குத் தாக்கல் செய்யும் படிவம்). உள்ளே திறக்காமலே வேலை நடக்கும். ‘ரிப்ளை ஆல்’ அழுத்தும் முன் ஒரு மூச்சு விடுங்கள்.

தஞ்சாவூர், கூட்டுறவுச் சங்க எழுத்தர்: நான் எழுதும் வரைவை எங்கள் செயலர் ஒவ்வொரு முறையும் திருத்துகிறார். மனசு விட்டுப்போகிறது.

சோழர் காலத்திலேயே அப்படித்தான் தம்பி. ராஜராஜன் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டைப் பாருங்கள். அரசர் வாயால் சொன்னதை எழுத ஓர் அதிகாரி, அவர் பதவி ‘திருமந்திர ஓலை’. எழுதியதை ஒப்புப் பார்க்க மேலே ‘திருமந்திர ஓலை நாயகம்’. உங்கள் செயலர் அந்த நாயகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதைத் திருத்துகிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தொகை, தேதி, பெயர் என்றால் தப்பு உங்களுடையது. “உள்ளது” என்பதை “இருக்கிறது” என்று மாற்றினால் அது அவர் ருசி, விட்டுவிடுங்கள்.

திருபுவனம், பட்டுக்கடை: சாயம் போன புடவைக்கு வாடிக்கையாளர் கோபமாக எழுதியிருக்கிறார். எப்படிப் பதில் போட?

அன்றைக்கே போடுங்கள். “சாயம் போனதற்கு வருந்துகிறோம். புடவையையும் பில்லையும் அனுப்புங்கள், தபால் செலவு எங்களுடையது. கைக்கு வந்து ஐந்து நாளில் மாற்றுப் புடவையோ பணமோ, நீங்கள் சொல்வதை அனுப்புகிறோம்.” துவைத்த விதம் சரியா என்று இந்தக் கடிதத்தில் கேட்காதீர்கள்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: இப்போது செயலியே கடிதம் எழுதித் தருகிறதே பாட்டி?

தரட்டும் கண்ணு, எனக்கும் பேத்தி போட்டுக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது, நாச்சியார்கோவில் ஐயா எழுதியதைவிட நீளமாக. பில் எண் போட வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக விட்டிருந்தது.