படப்பெட்டி: வாசகர் கேள்வி, ஸ்டூடியோக்காரர் பதில்

(பதில் சொல்பவர் கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்து ஓய்வுபெற்றவர்.)

வீட்டில் நாலு போன். பொங்கல், ஆடிப்பெருக்கு, தீபாவளி, மே மாத லீவு என்று ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறோம். ஆனால் மாமனார், "போன மாட்டுப் பொங்கலுக்குக் காளையோட நான் நின்ன படம் எங்கம்மா?" என்று கேட்டால் அரைமணி நேரம் தேட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆல்பமாக்க ஆசை. வருடவாரியாகப் பிரிப்பதா, பண்டிகைவாரியாகவா?
*வாசகி, சின்னமனூர்*

பண்டிகைவாரியாகத்தான். வருடத்தை வைத்துப் பிரித்தால் முதலில் மாட்டிக்கொள்வது மார்கழி. டிசம்பர் நடுவில் பிறந்து ஜனவரி நடுவில் முடிகிற மாதம் அது. உங்கள் கோலங்களில் பாதி ஒரு வருடத்து ஃபோல்டரிலும் மீதி அடுத்த வருடத்திலும் போய் உட்காரும். மாதத்தை வைத்துத் தேடலாம் என்றால் தீபாவளி ஒரு இடத்தில் நிற்காது. 2022-ல் அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. பொங்கல் என்றால் ஜனவரி 14, 15 என்று ஒழுங்காக வரும்.

ஆகவே பொங்கல், கோடை லீவு, ஆடி, தீபாவளி, மார்கழி என்று ஃபோல்டர் போடுங்கள். அதற்குள்ளே வருடம். கல்யாணம், காதுகுத்து எல்லாம் தனி. அவற்றை இதில் கலக்காதீர்கள். இப்படி வைத்தால் பல வருடத்துப் பொங்கல் அடுத்தடுத்து வரும். வாசலில் அதே இடத்தில் பானை பொங்கும், பின்னால் ஓட்டுச் சாய்ப்பு போய் கான்கிரீட் வந்திருக்கும். இடுப்பில் இருந்த பிள்ளை கரும்பைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும். மாமனாருக்குக் காளையும் அங்கேயே கிடைத்துவிடும்.

முதல் வேலை நாலு போனில் இருப்பதையும் ஒரு இடத்துக்குக் கொண்டுவருவது. இங்கேதான் பலர் "எல்லாரும் குரூப்பில் போட்டுவிடுங்கள்" என்பார்கள். வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த தேதியும் படத்திலிருந்து போய்விடும். கோப்பின் பெயரில் ஒரு தேதி தெரியும். அது உங்களுக்கு வந்து சேர்ந்த தேதி. பொங்கல் படத்தை நாத்தனார் மாசியில் அனுப்பினால் அது மாசிப் படமாகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே முழுசாக வரும். இல்லாவிட்டால் போனைக் கேபிளில் மாட்டிக் கம்ப்யூட்டரில் இறக்குங்கள், அதுதான் எனக்குப் பிடித்த வழி.

இறக்கியதும் முதலில் வாழ்த்துப் படங்களை அழியுங்கள். பானை, கரும்பு, சூரியன், அதன் மேலே மினுக்கும் எழுத்து. நம் வீட்டு ஆள் ஒருவர்கூட அதில் இல்லை. பாதி பாரம் அதிலேயே இறங்கும்.

அப்புறம் தேர்வு. ஒரு பண்டிகைக்கு முப்பது நாற்பது படம் போதும். குரூப் போட்டோ பதினைந்து எடுத்திருந்தால் கண் மூடியவர் குறைவாக இருக்கும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெளிச்சம் சரியில்லை, ஆடிவிட்டது என்பதற்காக அடுப்படிப் படங்களைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்டூடியோவில் திரையைப் பின்னால் தொங்கவிட்டு நான் எடுத்த படங்களில் முகம் தெளிவாக இருக்கும், வீடு இருக்காது. முறுக்கு அச்சோடு உட்கார்ந்திருக்கும் அத்தை, எண்ணெய்ச் சட்டி, சுவரில் தொங்கும் காலண்டர் இதெல்லாம் உங்கள் வீட்டு ஆள் எடுத்ததில்தான் இருக்கும்.

பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். 2024-10-31 தீபாவளி, பிறகு யார், எந்த ஊர். வருடம் முன்னால் இருந்தால்தான் கம்ப்யூட்டர் வரிசையாக அடுக்கும். "பெரிய அத்தை" என்று மட்டும் எழுதினால் உங்கள் மகளுக்கு அது வேறு ஆள். பெயரையும் எழுதுங்கள். தெரியாத முகம் இருந்தால் மாமனாரை ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

1990-களில் எடுத்த பிரிண்டுகள் பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கின்றன. இவற்றையும் சேர்க்க முடியுமா?
*வாசகர், காரைக்குடி*

முடியும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாளை மெல்லத் தூக்கிவிட்டு, பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு ரம்பம் போல இழுங்கள். வந்தால் சரி. வராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பக்கத்தோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்துவிடுங்கள்.

600 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி, வையுங்கள். நாலுக்கு ஆறு பிரிண்ட் ஒன்று 2400-க்கு 3600 புள்ளியாக வரும். பெரிதாக்கிச் சட்டம் போடவும் தாங்கும். அந்தக் காலத்தில் பலர் விரும்பிக் கேட்ட பட்டுத்துணி மாதிரிப் புடைப்புள்ள தாள் மட்டும் ஸ்கேனரில் புள்ளி புள்ளியாக மினுக்கும். அதைத் திண்ணை நிழலில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து போனில் எடுப்பதே மேல். நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டை விட்டுவிட்டு அதை லேபில் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். பின்பக்கம் எழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருக்கும் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பேட்டரி மாற்றியபின் கேமராவில் தேதியைச் சரிசெய்யாதவர்களே அதிகம். பிரிண்ட் போட்டுத் தந்த நான் சொல்கிறேன். இன்னொன்று, ஸ்கேன் செய்த படம் இன்றைய தேதியில் போய் நிற்கும். 1994 பொங்கல் என்று தெரிந்தால் கூகுள் போட்டோஸில் தேதியை மாற்றிவிடலாம். ஆனால் அந்த மாற்றம் அதற்குள்ளேயே இருக்கும், உங்களிடம் உள்ள கோப்புக்கு வராது. அதனால் கோப்பின் பெயரிலும் வருடத்தை எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும் கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டேன். இனி போனில் அழிக்கலாமா?
*வாசகர், ஓசூர்*

அந்த ஆப்பில் போய் அழித்தால் மேலே கூகுளில் ஏற்றி வைத்ததும் அழியும். இடம் காலியாக்க அதிலேயே தனி வசதி இருக்கிறது, அதைத்தான் அழுத்த வேண்டும். தவறி அழித்ததை, மேலே ஏறிய படமாக இருந்தால், குப்பைத் தொட்டியில் 60 நாள் வைத்திருப்பார்கள். இலவச இடம் 15 ஜிபி. அதில் ஜிமெயிலும் பங்கு கேட்கும். ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி எடுத்து, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள்.

தீபாவளி ஆல்பத்தின் லிங்க்கைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். கொழுந்தனார் தன் புது பைக் படங்களாக அதில் சேர்த்துக்கொண்டே இருக்கிறார். எப்படிச் சொல்வது?
*வாசகி, திருப்பூர்*

சொல்லவே வேண்டாம். ஆல்பத்தின் அமைப்பில் மற்றவர்களும் படம் சேர்க்க அனுமதிக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதை அணைத்துவிட்டால் எல்லாரும் பார்க்கலாம், நீங்கள் மட்டும் சேர்க்கலாம். பைக்குக்குத் தனி ஆல்பம் ஒன்று தொடங்கிக் கொடுத்துவிடுங்கள்.